பெரிய போல்ட்டின் மரையைப் படிப்பது எப்படி: 1½-6 யுஎன்சி, 1½-8 யுஎன், எம்72

கேள்வி: சேலத்தில் ஒரு ஆலையின் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நீராவிக் குழாய் ஃபிளாஞ்சில் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) நட்டு மாற்ற வேண்டியிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி வந்த 1½ இன்ச் நட்டு, 1½ இன்ச் ஸ்டட்டில் (தலையில்லாத மரைக் கம்பி) ஒரு சுற்றுகூட ஏறவில்லை. வரைபடத்தில் 1½-8 யுஎன்-2ஏ என்று இருக்கிறது. கடையில் தந்தது 1½-6 யுஎன்சி. இது ஒரு பக்கம். கிரஷர் அடித்தளத்துக்கு வெறுமனே "எம்72, 8.8" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பிட்ச் எவ்வளவு என்று எம் வரிசை அட்டவணையில் தேடினால் கிடைக்கவில்லை. இது போதாதென்று, ஏற்காட்டில் உறவினர் எஸ்டேட்டில் இருக்கும் பழைய காபி பல்பருக்கும் (காபிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம்) போல்ட் வாங்கித் தரச் சொல்கிறார்கள். பெரிய போல்ட் என்றால் ஏன் இத்தனை குழப்பம்?

பதில்:

தம்பி, கடைக்காரர் மேல் குற்றமில்லை. 1½ இன்ச் நட்டு என்று மட்டும் கேட்டால் யாரும் 6 மரை உள்ளதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உங்கள் ஸ்டட்டில் இன்ச்சுக்கு 8 மரை. விட்டம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் சேராது. சேரவும் கூடாது.

சின்ன போல்ட்டில் விட்டத்தைச் சொன்னாலே போதும் என்ற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. மெட்ரிக்கில் எம்12 என்றால் பிட்ச், அதாவது ஒரு மரை முனையிலிருந்து அடுத்த முனை வரையுள்ள தூரம், 1.75 மில்லிமீட்டர், எம்20 என்றால் 2.5, கடையில் இருப்பதும் அதுதான், கேட்பவர் மனதில் இருப்பதும் அதுதான். ஒரு இன்ச்சைத் தாண்டியதும் இந்தப் பழக்கம் நம்மைக் கைவிட்டுவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு விட்டத்துக்கும் இரண்டு மூன்று மரைகள் சம உரிமையோடு புழக்கத்தில் இருக்கின்றன. சில வரிசைகள் பாதியிலேயே முடிந்தும் போகின்றன. அதனால் பெரிய போல்ட்டை எழுதும்போது பிட்ச்சை எழுதாமல் விடவே கூடாது. நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான். ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தால் அட்டவணை கையில் இல்லாதபோதும் சமாளிக்கலாம்.

முதலில் உங்கள் ஸ்டட்டின் பெயரைப் படிப்போம். 1½-8 யுஎன்-2ஏ என்பதில் 1½ விட்டம், 8 என்பது ஒரு இன்ச் நீளத்தில் உள்ள மரைகள், யுஎன் என்பது வரிசை, 2ஏ என்பது பொருத்தத்தின் தரம். ஏ என்றால் வெளிமரை, அதாவது போல்ட் அல்லது ஸ்டட். பி என்றால் உள்மரை, அதாவது நட்டு. 2ஏ போல்ட்டுக்கு 2பி நட்டு. பொது வேலைக்கு இதுதான். 3ஏ, 3பி இன்னும் இறுக்கமான பொருத்தம், நமக்கு அபூர்வமாகத்தான் தேவைப்படும். கடைசியில் எல்ஹெச் என்று இருந்தால் இடதுமரை. எதுவும் இல்லையென்றால் வலதுமரை.

இப்போது யுஎன்சி வரிசையைப் பாருங்கள். இது பெருமரை வரிசை. விட்டம் கூடக் கூட மரையும் பெரிதாகிக்கொண்டே போகும். 1 இன்ச்சுக்கு 8 மரை. 1⅛, 1¼ இரண்டுக்கும் 7. 1⅜, 1½ இரண்டுக்கும் 6. 1¾க்கு 5. 2, 2¼ இரண்டுக்கும் 4½. 2½ முதல் 4 இன்ச் வரை 4. அதோடு யுஎன்சி முடிந்தது. நுண்மரை வரிசையான யுஎன்எஃப் அதற்கும் முன்பே, 1½ இன்ச்சில் 12 மரையோடு நின்றுவிடும். யாராவது "2 இன்ச் யுஎன்எஃப்" என்று எழுதிக் கொடுத்தால் அப்படி ஒரு பொருளே கிடையாது. அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் 2-12 யுஎன் ஆக இருக்கும். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 1 இன்ச்சில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1-12 தான் யுஎன்எஃப். பழைய இயந்திரங்களில் 1-14 பார்ப்பீர்கள். அது இன்றைய கணக்கில் யுஎன்எஸ், அதாவது தனிமரை.

8 யுஎன் இவை இரண்டிலும் சேராத மூன்றாவது வகை, மாறாப் பிட்ச் வரிசை. விட்டம் 1 இன்ச்சோ 6 இன்ச்சோ, மரை 8 தான். இதேபோல 4 யுஎன், 6 யுஎன், 12 யுஎன், 16 யுஎன் எல்லாம் உண்டு. ஆனால் உயரழுத்த ஃபிளாஞ்சுகளில் 8 யுஎன்தான் ராஜா. ஏஎஸ்எம்இ பி16.5 ஃபிளாஞ்ச் தரமும், பி7 என்ற எஃகு வகை ஸ்டட்டுக்கான ஏஎஸ்டிஎம் ஏ193 தரமும் சொல்வது ஒன்றே: 1 இன்ச் வரை யுஎன்சி, 1⅛ முதல் மேலே 8 யுஎன். 1 இன்ச்சில் யுஎன்சியும் 8 மரைதான் என்பதால் அந்த இடத்தில் இரண்டும் ஒன்றே. அதனால்தான் சின்ன ஃபிளாஞ்சுகளிலேயே வேலை பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. 1⅛ வந்ததும்தான் பாதை பிரிகிறது, நட்டு ஏறாமல் நிற்கிறது.

ஏன் 8லேயே நிறுத்தினார்கள்? 2 இன்ச் ஸ்டட்டை வைத்துப் பார்ப்போம். யுஎன்சிப்படி 4½ மரை வெட்டினால் பள்ளம் ஆழமாக இறங்கும். இழுவிசையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பு 2.50 சதுர இன்ச். அதே கம்பியில் 8 மரை வெட்டினால் பள்ளம் ஆழம் குறைவு, பரப்பு 2.77 சதுர இன்ச். இரும்பு அதே, எடை கிட்டத்தட்ட அதே, ஆனால் 11 சதவீதம் கூடுதல் தாங்கும் பரப்பு. உங்கள் 1½ இன்ச்சில் இந்த லாபம் 6 சதவீதம்: 1.405க்குப் பதில் 1.492. 1⅛ல் இன்னும் குறைவு. விட்டம் கூடும்போதுதான் லாபமும் கூடுகிறது. அதனால்தான் இந்த வரிசை பெரிய போல்ட்டுகளின் வரிசையாக நிலைத்தது.

இரண்டாவது காரணம் இறுக்கும்போது தெரியும். 4½ மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு நட்டு 5.64 மில்லிமீட்டர் நகரும். 8 மரையில் 3.175. நட்டின் ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று திருப்பினால் முதலாவதில் 0.94, இரண்டாவதில் 0.53. ஸ்லாக்கிங் ஸ்பேனரை, அதாவது அடி வாங்குவதற்கென்றே செய்த தடித்த ஸ்பேனரைப் போட்டுச் சம்மட்டியால் அடிக்கும்போது இந்த வித்தியாசம் பெரியது. ஃபிளாஞ்சுகளுக்கு நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் சமமாக அமர வேண்டும், எதிரெதிர் ஸ்டட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சின்ன அடிக்குச் சின்ன நகர்வு இருந்தால்தான் அது கைக்கு வரும்.

நுண்மரையில் முறுக்குவிசை பாதியாகக் குறையும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. நீங்கள் சுற்றும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது. மீதி எல்லாம் நட்டின் அடிப்பக்க உராய்விலும் மரையின் உராய்விலும் போய்விடும். மரை நுண்ணியதானால் அந்தப் பத்தில் ஒரு பங்கு மட்டும்தான் சுருங்கும். உராய்வுக் கெழு 0.12 என்று வைத்து 2 இன்ச்சுக்குக் கணக்குப் போட்டால், 4½லிருந்து 8க்கு மாறியதில் முறுக்குவிசை மிச்சம் ஐந்து சதவீதத்துக்குள்தான். நல்ல மசகு தடவுவதில் கிடைக்கும் பலன் இதைவிட அதிகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டட் என்றால் அந்த மசகு இல்லாமல் நட்டைத் தொடவே தொடாதீர்கள். மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் லேத் பட்டறைக்காரருக்குப் பிடித்தது. 8 மரைக்கான ஒரே இன்செர்ட் (வெட்டும் முனை), ஒரே கியர் அமைப்பு. அதை வைத்து 1⅛ முதல் 6 இன்ச் வரை எல்லா வெளிமரையும் வெட்டிவிடலாம். யுஎன்சி என்றால் விட்டம் மாறும்போதெல்லாம் கருவியும் மாற வேண்டும்.

அப்படியானால் இன்னும் நுண்ணியதாக, 12 அல்லது 16 மரை வெட்டினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். தாங்கும் பரப்பு கூடும், உண்மைதான். ஆனால் பெரிய போல்ட்டைத் தூக்கிப் போடுவார்கள், செயினில் கட்டி இழுப்பார்கள், மணலும் துருவும் ஏறும். நுண்மரையில் ஒரு சின்ன நசுங்கல் விழுந்தாலும் நட்டு நின்றுவிடும். வெப்பத்தில் கிடந்த ஸ்டட்டைக் கழற்றும்போது நுண்மரை கடித்துக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். 8 என்பது இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்ற சமரசம். நல்ல சமரசம் என்பது என் கருத்து.

ஃபிளாஞ்ச் நட்டில் இன்னொன்றையும் பாருங்கள். பி7 ஸ்டட்டோடு போகும் 2ஹெச் வகை நட்டு, ஹெவி ஹெக்ஸ் எனப்படும் தடித்த நட்டு. அதன் முகத்துக்கு முகம் அளவு, விட்டத்தின் ஒன்றரை மடங்கோடு ⅛ இன்ச். 1½க்கு 2⅜ இன்ச், அதாவது 60.3 மில்லிமீட்டர். எம்39க்கான 60 ஸ்பேனரை அதில் அடித்து ஏற்றப் பார்ப்பார்கள், விடாதீர்கள். சாதாரண 1½ நட்டுக்கு 2¼ தான். கடையில் தந்த நட்டு 2¼ ஆக இருந்தால், மரை சரியாக இருந்தாலும் அது இந்த ஃபிளாஞ்சுக்கு உரியதல்ல.

அப்புறம் எம்72.

மெட்ரிக்கிலும் கதை இதேதான், பெயர்தான் வேறு. பெருமரை வரிசையில் எம்24க்கும் எம்27க்கும் பிட்ச் 3. எம்30, எம்33க்கு 3.5, எம்36, எம்39க்கு 4, எம்42, எம்45க்கு 4.5, எம்48, எம்52க்கு 5, எம்56, எம்60க்கு 5.5, எம்64க்கு 6. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து அரை அரையாக ஏறுவதால் மனப்பாடம் செய்வது சுலபம். ஐஎஸ்ஓ 261 அட்டவணையில் எம்68 வரை இந்த வரிசை போகும், அதற்கும் 6 தான். அதோடு பெருமரை முடிந்தது. எம்72க்கு நீங்கள் தேடிய இடத்தில் பிட்ச் இல்லாததற்குக் காரணம் அதுதான். அது மாறாப் பிட்ச் வரிசையில் இருக்கிறது. 72க்கு 6, 4, 3, 2 என்று பல பிட்ச்கள் அங்கீகரிக்கப்பட்டவை. போல்ட் உலகில் நடைமுறையில் இருப்பது எம்72 × 6, எம்80 × 6, எம்90 × 6, எம்100 × 6. சில இயந்திரங்களில் × 4 வரும்.

எழுதும் முறையில் ஒரு விதி இங்கே உதவும். எம்36 என்று மட்டும் எழுதினால் பெருமரை என்று பொருள், பிட்ச் 4. நுண்மரை வேண்டுமென்றால் எம்36 × 3 என்று எழுதியே ஆக வேண்டும். எம்72க்குப் பெருமரையே இல்லாததால் "எம்72" என்பது பாதி எழுதிய பெயர். அதை வைத்து ஆர்டர் போட்டால் ஒருவர் 6ல் செய்வார், இன்னொருவர் 4ல் செய்வார், இருவருமே சரி என்று வாதிடலாம்.

பிட்ச்சுக்குப் பின்னால் வரும் 6ஜி, 6ஹெச் என்பவை பொருத்த எல்லை. ஆங்கிலச் சிறிய எழுத்து போல்ட்டுக்கு, பெரிய எழுத்து நட்டுக்கு. 6ஜி என்றால் போல்ட்டைப் பெயரளவைவிடக் கொஞ்சம் குறைத்தே செய்வார்கள் என்று அர்த்தம். எம்36 × 4க்கு அந்தக் குறைப்பு 0.06 மில்லிமீட்டர், அதற்குக் கீழே இன்னும் 0.475 வரை அனுமதி. அதாவது புத்தம் புதிய எம்36 போல்ட்டின் வெளிவிட்டம் 35.465 முதல் 35.940 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வெர்னியரில் 35.6 காட்டியதும் "தேய்ந்த சரக்கு" என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அது நல்ல சரக்கு.

வெளிவிட்டத்தை மட்டும் அளந்து முடிவு செய்தால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு 2½ இன்ச்சையும் எம்64ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். 2½ இன்ச் என்பது 63.5 மில்லிமீட்டர். எம்64 × 6, 6ஜி போல்ட்டின் வெளிவிட்டம் 63.32 வரை இறங்கலாம். 2½-4 யுஎன்சி, 2ஏ போல்ட் 63.42 வரை ஏறலாம். ஆகவே வெர்னியர் 63.4 காட்டினால் அது இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம். பிட்ச்சை அளந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒரு மரை முனையிலிருந்து பத்து மரை தள்ளி இருக்கும் முனை வரை அளங்கள். 60 வந்தால் மெட்ரிக், 63.5 வந்தால் இன்ச்.

இந்தப் பத்து மரை அளவைத்தான் எல்லாருக்கும் பழக்கச் சொல்வேன். ஒற்றை மரையை அளந்தால் 3க்கும் 3.175க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. பத்தை அளந்தால் 30, 31.75, அதில் சந்தேகமே வராது. 6 மரை இன்ச் என்றால் பத்துக்கு 42.3, மெட்ரிக் 4 என்றால் 40. மரையில் கிரீஸும் துருவும் அப்பியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் வைத்து விரலால் அழுத்தித் தேயுங்கள். முனைகள் கோடு கோடாகத் தாளில் பதியும். அந்தத் தாளை மேஜைக்குக் கொண்டுவந்து நிதானமாக அளக்கலாம். அடித்தளக் குழிக்குள் குனிந்து வெர்னியர் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பிட்ச் கேஜ், அதாவது மரையின் பல் வடிவில் வெட்டிய தகடு இருந்தால் அதை மரையில் வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியாமல் உட்கார வேண்டும்.

உங்கள் கிரஷரில் போல்ட்டுகள் ஏற்கெனவே கான்கிரீட்டில் நிற்கின்றனவா, நட்டு மட்டும்தான் வேண்டுமா என்று நீங்கள் சொல்லவில்லை. நிற்கின்றன என்றால் மேலே சொன்னபடி அளந்துவிட்டுத்தான் எழுத வேண்டும். புதிதாகப் போடுவதென்றால் × 6 என்று எழுதுங்கள். அதிர்வும் தூசியும் உள்ள இடத்துக்கு நுண்மரையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த "8.8" இன்னும் பெரிய ஓட்டை. தலையில் 8.8 என்று அடித்திருந்தால் நாம் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுக்கும் ஐஎஸ்ஓ 898-1 தரம் எம்39 வரைக்கும்தான் பேசுகிறது. எம்16க்கு மேல் எம்39 வரை, 8.8 என்றால் இழுவலிமை குறைந்தது 830 மெகாபாஸ்கல், நெகிழ்வு எல்லை 660, நிரந்தரமாக நீளாமல் தாங்கிக் காட்ட வேண்டிய சோதனைத் தகைவு 600. எம்36 × 4ன் தாங்கும் பரப்பு 817 சதுர மில்லிமீட்டர். 600ஆல் பெருக்கினால் 490 கிலோநியூட்டன், நம் கணக்கில் 50 டன். இந்த 50 டன்னுக்கு அந்தத் தரம் பொறுப்பேற்கிறது. எம்72க்கு அது பொறுப்பேற்பதில்லை. காரணம் உலோகத்தில் இருக்கிறது. 72 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண கார்பன் எஃகைச் சூடாக்கி எண்ணெயில் அமுக்கினால் மேற்புறம்தான் கடினமாகும், நடுவில் மென்மையாகவே இருக்கும். நடுவரைக்கும் வலிமை வேண்டுமென்றால் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு வேண்டும். ஆகவே எம்72க்கு வெறும் 8.8 என்று எழுதாமல், எந்த எஃகு, இழுவலிமை எவ்வளவு, நெகிழ்வு எல்லை எவ்வளவு என்று எண்ணாக எழுதிச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

துத்தநாக முலாம் பூசுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முலாமின் தடிமன் 50 மைக்ரான் என்றாலும் 60 டிகிரி மரையில் பிட்ச் விட்டம், அதாவது மரைச் சரிவின் நடுவில் அளக்கும் விட்டம், அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 0.2 மில்லிமீட்டர் பெருக்கும். எம்72 × 6, 6ஜி போல்ட்டில் நமக்கு விட்டுவைத்த இடைவெளி 0.08தான். நட்டு ஏறாது. அதனால் நட்டை முலாம் பூசிய பிறகு கொஞ்சம் பெரிதாக டேப் போடுவார்கள், அதாவது உள்மரை வெட்டுவார்கள். முலாம் போல்ட்டையும் நட்டையும் ஒரே இடத்தில் ஜோடியாக வாங்குங்கள். போல்ட்டின் மேல் வெளிமரை வெட்டும் டையை ஓட்டி முலாமைச் சுரண்டி எடுப்பது மட்டும் வேண்டாம். பூசிய பூச்சே வீணாகிவிடும்.

இனி ஏற்காட்டுக்குப் போவோம். மலையில் பழைய எஸ்டேட்டுகளில் இருக்கும் பிரிட்டிஷ் காலத்துப் பல்பர்களில் பெரும்பாலும் பிஎஸ்டபிள்யூ, அதாவது விட்வொர்த் மரை. 1841ல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் முன்வைத்தது. மரையின் கோணம் 55 டிகிரி, முனையும் பள்ளமும் உருண்டையாக இருக்கும். அமெரிக்காவில் 1864ல் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி மரையை முன்வைத்தார், முனை தட்டை. இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு இயந்திரங்களின் உதிரிகள் ஒன்றுக்கொன்று சேராமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கூடி 60 டிகிரியில் ஒத்துக்கொண்டதுதான் யுஎன் மரைகள். நம் நாட்டில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956ல் வந்தது. 1934ல் மேட்டூர் அணை கட்டி முடித்த காலத்தில் இந்த வட்டாரத்தில் வந்திறங்கிய இயந்திரங்கள் ஒரு மரை, பிறகு வந்த பாய்லர்களும் ஃபிளாஞ்சுகளும் இன்னொரு மரை, இப்போது வருபவை மெட்ரிக். சேலத்தில் ஒரே ஃபிட்டர் காலையிலிருந்து மாலைக்குள் மூன்றையும் தொட வேண்டியிருப்பது இதனால்தான்.

விட்வொர்த்தில் ஆபத்து எங்கே என்றால், மரை எண்ணிக்கை பல அளவுகளில் யுஎன்சியோடு ஒத்துப்போகிறது. 1 இன்ச்சுக்கு 8, 1¼க்கு 7, 1½க்கு 6, 1¾க்கு 5, 2க்கு 4½, இரண்டிலும் அதேதான். அரை இன்ச்சில் பிஎஸ்டபிள்யூ 12, யுஎன்சி 13 என்பதால் அங்கே நட்டு ஏறாது, தவறு உடனே தெரிந்து தப்பித்துவிடுவீர்கள். 1¼ல் யுஎன்சி நட்டு விட்வொர்த் போல்ட்டில் பெரும்பாலும் ஏறிவிடும். ஏறுவதுதான் பிரச்சினை. 55ம் 60ம் முழு முகமாக ஒட்டாது, ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். பல்பர் அதிர அதிர அந்த ஓரம் நசுங்கி நட்டு தளரும். நட்டு ஏறவில்லை என்றால் வேலை நிற்கும். தப்பான நட்டு ஏறிவிட்டால் இயந்திரம் ஓடும்போது கழலும். இரண்டாவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

கண்டுபிடிக்க 55 டிகிரி என்று பொறித்த பிட்ச் கேஜ் வேண்டும். பழைய ஸ்பேனர்கள் அந்த எஸ்டேட் ஷெட்டிலேயே கிடந்தால் அவையும் ஒரு தடயம். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது நட்டின் முக அளவல்ல, போல்ட்டின் விட்டம். மெட்ரிக்கில் எம்36க்கு 55, எம்48க்கு 75, எம்64க்கு 95 என்று முக அளவைப் பொறித்தே நமக்குப் பழக்கம் என்பதால் ½ என்று பொறித்த ஸ்பேனரின் வாய் அரை இன்ச்சைவிட மிகப் பெரிதாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்க வேண்டாம், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; இனி அவை கிடைப்பது கஷ்டம்.

கடையில் விட்வொர்த் கிடைக்காவிட்டால், பல்பரின் வார்ப்பிரும்பு உடலில் உள்ள துளைக்கு மெட்ரிக் டேப் போட்டு "சரிசெய்ய" யாரும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பழைய வார்ப்பு சுலபமாக உதிரும், போனால் திரும்ப வராது. போல்ட்டைப் புதிதாகச் செய்வதே சரி. நம்மூர் லேத் பட்டறைகளில் பழைய லேத்துகள் பலவற்றில், மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ இன்ச் கணக்கில் இருக்கும். விட்வொர்த் வெட்ட அவற்றுக்குக் கூடுதலாக எதுவும் வேண்டாம், 55 டிகிரிக்கு டூலைத் தீட்டினால் போதும். அந்த லேத்தில் மெட்ரிக் மரை வெட்டத்தான் 127 பல் கியர் வேண்டும், ஏனென்றால் 25.4ஐ ஐந்தால் பெருக்கினால்தான் முழு எண் வருகிறது. அப்படி வெட்டும்போது மரை முடியும் வரை, லீட் ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் ஹாஃப் நட்டைத் திறக்காமல் லேத்தைப் பின்னோக்கி ஓட்டித்தான் டூலைக் கொண்டுவர வேண்டும். எம்72 × 6 நட்டைச் சேலத்திலேயே செய்யக் கொடுப்பதாக இருந்தால், அந்தப் பட்டறையில் 127 இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஆர்டர் தாளில் இப்படி எழுதலாம். ஃபிளாஞ்சுக்கு: ஸ்டட் 1½-8 யுஎன்-2ஏ, நீளம், ஏ193 பி7, நட்டு 1½-8 யுஎன்-2பி, ஹெவி ஹெக்ஸ், ஏ194 2ஹெச் (ஏ194 என்பது நட்டுக்கான ஏஎஸ்டிஎம் தரம்). ஸ்டட்டைப் பிடித்து இழுக்கும் ஹைட்ராலிக் டென்ஷனர் வைத்து இறுக்கப் போகிறார்கள் என்றால் நட்டுக்கு மேல் குறைந்தது ஒரு விட்டம் அளவு, அதாவது 1½ இன்ச் மரை நீட்டிக்கொண்டிருக்கும்படி நீளத்தைக் கூட்டிச் சொல்லுங்கள். கிரஷருக்கு: எம்72 × 6-6ஜி, மொத்த நீளம், மரை நீளம், எஃகின் பெயர், இழுவலிமை, நெகிழ்வு எல்லை, பூச்சு உண்டா இல்லையா, நட்டு 6ஹெச் அல்லது முலாமுக்குப் பெரிதாக்கியது, சான்றிதழோடு. பல்பருக்கு: விட்டம், மரை எண்ணிக்கை, பிஎஸ்டபிள்யூ 55 டிகிரி என்று எழுதி, பழைய போல்ட் ஒன்றையும் அதன் நட்டையும் பட்டறைக்குக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். புதிய போல்ட்டைப் பழைய நட்டில் அங்கேயே முழு நீளமும் ஓட்டிப் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்.